இளவயது முடி உதிர்வும் அவசர முடிவுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளவயதில் முடி உதிர்வது குறித்துத் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பகுதியில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மருந்துகளைப் பற்றிய செய்திகள் தெளிவாகவே இருந்தன. ஆனால் கட்டுரையின் தொடக்கத்தில் 'முடிதானே, இதற்குப் போய் இவ்வளவு கவலையா' என்ற தொனியில் ஒரு வரி இருந்தது. அதே பக்கத்தின் அடியில் 'இன்றே வாருங்கள், தாமதித்தால் பயனில்லை' என்று ஒரு விளம்பரமும் இருந்தது. 21 வயதில் நெற்றி ஏறத் தொடங்கி இன்று 36 வயதில் இருக்கிற நான், இந்த விஷயத்தில் செய்த தவறுகள் அனைத்தையும் இந்த இரண்டு குரல்களுக்கு நடுவில் நின்றுதான் செய்தேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் குரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்கும் பெறாததை இழித்துச் சொல்ல நம் மொழியில் முதலில் வாயில் வருவது முடியைக் குறிக்கும் சொல்தான். அப்படிப்பட்ட ஒன்றை இழந்ததற்காக வருந்துகிறேன் என்று 21 வயது இளைஞன் யாரிடம் போய்ச் சொல்வான்? வருத்தம் ஒரு பக்கம் என்றால், இதற்கெல்லாம் வருந்துகிறோமே என்ற வெட்கம் மறுபக்கம். நண்பர்கள் குழுவாகப் படம் எடுக்கும்போது 'ஃபிளாஷ் வேண்டாம், இவன் தலையே போதும்' என்று ஒருவன் சொன்னதற்கு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். அன்றிரவு தூங்காமல் கிடந்ததும் நான்தான். முடிதிருத்துபவர் வேலையை முடித்துவிட்டுப் பின்தலை தெரியும்படி சிறு கண்ணாடியைத் தூக்கிப் பிடிப்பார் அல்லவா, அந்தக் கண்ணாடியைப் பார்க்காமலேயே 'நன்றாக இருக்கிறது' என்று தலையசைக்க நான் பல ஆண்டுகள் பழகியிருந்தேன். முகம் என்பது ஒருவன் தன்னைத் தான் அடையாளம் கண்டுகொள்ளும் இடம். அது தன் சம்மதமில்லாமல், வயதுக்கு முந்தி மாறும்போது மனம் கலங்குவது இயல்பு. அந்தக் கலக்கத்தை அற்பமென்று ஒதுக்குவதால் அது குறைவதில்லை; ஒளிந்துகொள்கிறது, பிறகு முடிவெடுக்கும் நேரத்தில் முன்னால் வந்து நிற்கிறது.

என் விஷயத்தில் அது ஒரு நோட்டுப் புத்தகமாக வந்து நின்றது. குளித்து முடித்ததும் வெள்ளைத் துண்டில் ஒட்டியதையும் தண்ணீர் போகும் துளையில் சிக்கியதையும் பொறுக்கி எண்ணி எழுதுவேன். ஒரு நாள் 63, மறுநாள் 112. அன்றைய எண் எதுவோ அதுதான் அன்றைய மனநிலை. யாருக்குமே நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிரும் என்பதோ, இரண்டு நாள் தலைக்குக் குளிக்காதவனுக்கு மூன்றாம் நாள் முழுவதும் சேர்ந்து வரும் என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. அதைவிட முக்கியமான ஒன்றைப் பின்னாளில் தோல் மருத்துவர் ஒருவர் சொன்னார். பரம்பரையாக வரும் வழுக்கையில் எத்தனை முடி விழுகிறது என்பது கேள்வியே அல்ல. விழுந்த இடத்தில் முளைக்கும் முடி முன்னதைவிட மெல்லியதாக இருக்கிறதா என்பதே கேள்வி. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனிலிருந்து உருவாகும் டி.எச்.டி. என்ற பொருளுக்கு முன்னந்தலையிலும் உச்சியிலும் உள்ள வேர்க்கால்கள் மரபுவழியாகவே கூசக்கூடியவையாக இருந்தால், ஒவ்வொரு வளர்ச்சிச் சுற்றிலும் அவை சிறிது சுருங்கி, கடைசியில் பூனைமுடி போன்ற ஒன்றையே முளைக்கவிடுகின்றன. நான் இரண்டு ஆண்டுகள் எண்ணியது தவறான கணக்கு. இது தாய்வழியில் மட்டும் வரும் என்ற நம்பிக்கையும் தவறு; இரு பக்கத்து மரபணுக்களுக்கும் இதில் பங்கு உண்டு. (தாய்மாமன் தலையைப் பார்த்துப் பார்த்து நான் ஆறுதல் அடைந்த காலம் வேறு.)

எந்த வகை உதிர்வு என்று தெரியாமல் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு வீண் என்பதற்கு என் வீட்டிலேயே சான்று உண்டு. என் தங்கைக்குக் குழந்தை பிறந்த நான்காம் மாதம், சீப்பை எடுத்தால் கைநிறைய முடி வந்தது. பிரசவம், கடுங்காய்ச்சல், அறுவை சிகிச்சை, திடீரென்று உடல் இளைத்தல் போன்ற அதிர்ச்சிகளுக்குப் பிறகு, ஏராளமான வேர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாக முடியை உதிர்ப்பது உண்டு. பெரும்பாலும் தானே சரியாகிவிடும். தங்கைக்கும் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் சரியாகிவிட்டது. ஆனால் இடையில் அவள் ஓர் எண்ணெயைத் தடவத் தொடங்கியிருந்ததால் புகழ் முழுவதும் அந்த எண்ணெய்க்குப் போயிற்று. அதே எண்ணெயை எட்டு மாதம் நானும் தடவினேன். தலையணை உறை மாறியதைத் தவிர வேறு மாற்றம் இல்லை. இன்னொரு வகையில், உடலின் எதிர்ப்பாற்றலே வேர்க்கால்களைத் தாக்குவதால் வட்டவட்டமாகச் சொட்டை விழும். அதற்கு மருத்துவமே வேறு. தலையில் எரிச்சல், வலி, செதில் ஆகியவற்றோடு முடி போய் வேர்க்கால் துளைகளும் மறைந்துவிட்டால், தழும்பு விழுந்து அந்த இடம் நிரந்தரமாகப் போகும் நோயாக இருக்கக்கூடும். அதற்கு மட்டும் உண்மையாகவே அவசரம் தேவை. பெண்களுக்கு வகிடு அகன்றுகொண்டே போனால் இரும்புச்சத்து, தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி ஆகியவற்றையும் மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும். இவற்றை எந்த விளம்பரமும் பிரித்துச் சொல்வதில்லை. தோல் மருத்துவர் உருப்பெருக்கிக் கருவியைத் தலையில் வைத்துப் பார்த்துச் சில நிமிடங்களில் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடுவார்.

இரண்டாவது குரலுக்கு நான் கிட்டத்தட்டப் பலியானது 23 வயதில். மேலே சொன்ன ஃபிளாஷ் நகைச்சுவை நடந்த இரண்டாம் நாள், முடி நடும் நிலையம் ஒன்றில் போய் உட்கார்ந்தேன். மருத்துவர் என்று நான் நினைத்துக்கொண்ட ஒருவர் மார்க்கர் பேனாவால் என் நெற்றியில் ஒரு கோடு வரைந்து கண்ணாடியைக் காட்டினார். பதினாறு வயதில் எனக்கு இருந்த கோடு அது. கண் கலங்கிவிட்டது. எப்போது உதிரத் தொடங்கியது, இதுவரை என்ன மருந்து எடுத்தாய், வீட்டில் யாருக்கு எந்த அளவு வழுக்கை என்று ஒரு கேள்விகூட அங்கே எழவில்லை. பின்தலையில் எடுத்து நடுவதற்கு எவ்வளவு முடி இருக்கிறது என்றுகூட யாரும் பார்க்கவில்லை. முன்பணம் கட்டிவிட்டு வந்தேன். அதைத் தடுத்தவர் நான் சந்தேகம் கேட்கப் போன தோல் மருத்துவர். பின்தலை முடி இடம் மாற்றி நட்டாலும் தன் குணம் மாறாமல் வளரும் என்பது 1959-இல் நார்மன் ஓரன்ட்ரைக் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய காலத்திலிருந்து தெரிந்ததுதான், சிகிச்சை பொய்யல்ல என்றார் அவர். ஆனால் பின்தலை ஒரு வற்றாத கிணறு அல்ல. 23 வயதில் உன் வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. இருப்பதை எடுத்து நெற்றியில் கொட்டிவிட்டால், பத்து ஆண்டு கழித்து முன்னால் ஒரு திட்டும் அதன் பின்னால் வெறும் வெளியுமாக நிற்பாய், அதை மூட அப்போது முடி இருக்காது என்றார். முன்பணம் திரும்பி வரவில்லை. அதை நான் நட்டமாகக் கருதுவதில்லை.

மருந்தைப் பொறுத்தவரையிலும் மனம்தான் முதலில் குறுக்கே நின்றது. மினாக்சிடில் முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்து, உண்டவர்களுக்கு உடலெங்கும் முடி வளர்ந்ததால் தலையில் தடவும் மருந்தாக மாறி, 1988-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைத் தடவத் தொடங்கிய முதல் சில வாரங்களில், பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புதியது புறப்படுவதால், பலருக்கு உதிர்வு கூடும். இதை முன்கூட்டியே யாரும் சொல்லாததால் ஐந்தாம் வாரமே பயந்து நிறுத்திவிட்டேன். ஓராண்டு கழித்து மீண்டும் தொடங்கியபோது மருத்துவர் ஒரு நிபந்தனை போட்டார்: எண்ணக் கூடாது, கண்ணாடி முன் நிற்கக் கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் மட்டும் எடுக்கலாம். குறைந்தது நான்கு மாதம் பொறுக்க வேண்டும் என்பதும், நிறுத்தினால் சில மாதங்களில் பழைய நிலைக்கே வந்துவிடும் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அதாவது இது குணமாக்கும் மருந்தல்ல, தொடர்ந்து கட்ட வேண்டிய வாடகை. கட்ட விருப்பமா என்பதைத் தெளிந்த மனத்தோடு கேட்டுக்கொள்ள வேண்டும். (வீட்டில் பூனை வளர்ப்பவர்களுக்கு ஒன்று: இந்த மருந்தை நக்கினால் பூனை இறந்துபோகக்கூடும், நான் இதை மிகத் தாமதமாகத் தெரிந்துகொண்டேன், நல்ல வேளையாக விபரீதம் எதுவும் நடக்கவில்லை.)

ஃபினாஸ்டிரைடு மாத்திரை பற்றித் தங்கள் கட்டுரை பாலியல் பக்கவிளைவுகளை மட்டும் ஒரு வரியில் சொன்னது. 1997 முதல் ஆண்களின் வழுக்கைக்குப் பயன்பட்டுவரும் அந்த மாத்திரை டி.எச்.டி. உருவாவதைக் குறைப்பதால் பலருக்கு உதிர்வைத் தடுத்து நிறுத்துகிறது. பாலியல் தொல்லைகள் சிறு பங்கினருக்கே வருகின்றன. ஆனால் தற்கொலை எண்ணம் அதன் பக்கவிளைவுகளில் ஒன்று என்பதை ஐரோப்பிய மருந்து முகமை 2025 மே மாதம் உறுதிப்படுத்தியிருக்கிறது. முடி உதிர்வதால் ஏற்கெனவே மனம் சோர்ந்திருப்பவன்தான் இந்த மாத்திரையைக் கேட்டுப் போகிறான் என்பதால் இதை விட்டுவிட்டு எழுதுவது சரியல்ல. யாரையும் அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. என் நண்பர்கள் இருவர் பல ஆண்டுகளாக எந்தத் தொல்லையும் இல்லாமல் எடுத்துவருகிறார்கள். மனச்சோர்வு வந்த வரலாறு எனக்கு இருந்ததால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொன்னேன். இருவரும் பேசி, வேண்டாம் என்று முடிவெடுத்தோம். மாத்திரையை இணையத்தில் வாங்கியிருந்தால் அந்தப் பேச்சு நடந்திருக்காது. கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது என்பதையும் யாராவது சொல்லியாக வேண்டும்.

பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரைகளைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. உடலில் அந்தச் சத்துக் குறைபாடு இல்லாதவருக்கு அதனால் முடி வளரும் என்பதற்குத் தக்க சான்று கிடையாது. மாறாக, அதிக அளவில் உண்டால் தைராய்டு, இதயம் சார்ந்த சில இரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தவறாகக் காட்டிவிடும்.

எந்தச் சிகிச்சையும் வேண்டாம் என்பதும் ஒரு தேர்வுதான். ஆறு ஆண்டுகள் மினாக்சிடில் தடவிய பிறகு நான் அதைத் தேர்ந்தேன். ஒட்ட வெட்டிக்கொண்ட அன்று விடுதலை என்றெல்லாம் எதுவும் தோன்றவில்லை. காலையில் பத்து நிமிட வேலை மிச்சமாயிற்று, காற்றடித்தால் கை தானாகத் தலைக்குப் போவது சில மாதங்களில் நின்றது, அவ்வளவுதான். இதே தேர்வைப் பெண்களிடம் எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஒட்ட வெட்டிய ஆணைப் பார்க்கும் கண் வேறு, பெண்ணைப் பார்க்கும் கண் வேறு. அவர்கள் பொய்முடி அணிந்தால் அதைக் கேலிப்பொருளாக்கும் வழக்கத்தையாவது நாம் விட்டுவிடலாம். கண்ணாடி முன்னே மணிக்கணக்கில் நிற்பவர், வெளியே போவதையே தவிர்ப்பவர், வாழ்ந்து என்ன என்று நினைக்கத் தொடங்கியவர் எவராயினும் தோல் மருத்துவரோடு மனநல மருத்துவரையும் பார்க்கத் தயங்க வேண்டாம். நான் பார்த்தேன். தலையில் ஒரு முடி கூடவில்லை. நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிப் போட முடிந்தது.

தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. முடி சார்ந்த விளம்பரங்களில் 'முன்பு, பின்பு' என்று படங்கள் வெளியாகும்போது, அவருடைய வயது என்ன, இடையில் எத்தனை மாதம், நட்டதா மருந்தா என்பதையும் அச்சிடுமாறு விளம்பரதாரரைக் கேட்கலாம். அன்று வந்த படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் படத்தில் தலை ஈரமாக இருக்கிறது, வெளிச்சம் நேர் மேலிருந்து விழுகிறது, அவர் குனிந்திருக்கிறார். இரண்டாவதில் முடி உலர்ந்து வாரப்பட்டிருக்கிறது, வெளிச்சம் எதிரிலிருந்து வருகிறது, தலை நிமிர்ந்திருக்கிறது. அதே வேறுபாட்டை என் குளியலறையில் ஒரு துண்டையும் சீப்பையும் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் நானே உண்டாக்கிப் படமெடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்