பாலை நிலத்தில் பீன்ஸ்: நீரைக் கூட்டுவது தீர்வாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீட்டுத்தோட்டப் பகுதியில், பாலைவன ஊர் ஒன்றில் குடியிருக்கும் வாசகர் ஒருவர், தம் தோட்டத்து பீன்ஸ் பூத்தும் காய்க்கவில்லையே என்று கேட்டிருந்ததற்கு, நிழல்வலை கட்டி நாளும் இருவேளை நீர் விடும்படி விடை தரப்பட்டிருந்தது. அமெரிக்காவில், சொனோரன் பாலைவனத்திலுள்ள டூசான் நகரில் பதினோரு ஆண்டுகளாகத் தோட்டம் வைத்திருப்பவன் நான். அதே யோசனையை அப்படியே கடைப்பிடித்துக் கெட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதல் ஆண்டில் நான் விதைத்தது கடையில் கிடைக்கும் சாதாரணக் குத்து பீன்ஸ். சித்திரையில் நன்றாகத்தான் பூத்தது. வைகாசி வெயில் 40 டிகிரியைத் தொட்ட பிறகு, காலையில் போய்ப் பார்த்தால் பூக்கள் காம்போடு உதிர்ந்து பாத்தியில் கிடக்கும். செடிக்குத் தாகம் என்று எண்ணி மேலும் மேலும் நீர் விட்டேன். பகல் வெப்பம் சுமார் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் போனால், பீன்ஸின் மகரந்தம் வலுவிழந்துவிடும் என்பதும், அதன் பிறகு வேரடியில் ஆறே ஓடினாலும் பூ பிஞ்சாகாது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

இருவேளை நீரால் வேறொரு கேடும் வந்தது. இவ்வூர்க் குழாய் நீர் பெரும்பாலும் கொலராடோ ஆற்றிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாயில் ஓடி வருவது, உப்பு மிகுந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலாகத் தெளித்தால், நீர் ஆவியாகி உப்பு மேல்மண்ணிலேயே தங்கிவிடும். அடியில் சுக்கான் பாறை வேறு இருப்பதால் உப்பு கீழே இறங்கவும் வழியில்லை. ஒரு மாதத்தில் பாத்தியின் ஓரமெங்கும் கோலமாவு சிந்தியதுபோல் வெள்ளை படர்ந்துவிட்டது. காய்கறிச் செடிகளிலேயே உப்பைச் சற்றும் பொறுக்காதவற்றுள் பீன்ஸும் ஒன்று.

இம்மண்ணுக்கு உரிய பயறு வேறு. டெப்பரி என்று அதற்குப் பெயர். டொஹோனோ ஓதாம் என்னும் இவ்வட்டாரத் தொல்குடி மக்களின் மொழியில் அது ஏறக்குறைய 'பாவி' என்று ஒலிக்கும். நம் காதுக்கு வசையாகப் பட்டாலும் அவர்களுக்கு அது அன்னம். பால்வெளியில் தெரியும் வெண்புள்ளிகள் வானத்தில் சிந்திய வெள்ளை டெப்பரி மணிகளே என்பது அவர்கள் கதை. பாலையின் ஓடைகளில் கோடை மழை வெள்ளம் புரண்டு வந்து பரவும் முகத்துவாரத்தில், ஈரம் காய்வதற்குள் விதைத்து, அந்த ஒரு நனைப்பையும் பின்னால் வரும் சில மழைகளையும் கொண்டே அவர்கள் விளைவித்து வந்தார்கள். இரண்டு மூன்று மாதங்களில் அறுவடை முடிந்துவிடும். அருகி வந்த இவ்விதைகளைக் காப்பதில் 1983இல் இந்நகரில் தொடங்கப்பட்ட நேட்டிவ் சீட்ஸ் சர்ச் என்னும் விதை வங்கிக்குப் பெரும்பங்கு உண்டு.

டூசானில் ஆண்டு மழை சுமார் 280 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழப் பாதி ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான இடிமழையாகப் பெய்து தீர்கிறது. அதாவது, ஆடிப்பட்டம் தேடி விதை என்று என் பாட்டி சொன்னது இங்கும் கணக்காகப் பொருந்துகிறது. பங்குனியில் விதைத்ததே என் முதல் தவறு. இப்போது ஆடியில் முதல் நல்ல மழை பெய்த மறுநாள், தரைமட்டத்திற்கு அரையடி கீழே தோண்டிய குழிப்பாத்தியில் டெப்பரியை ஊன்றுகிறேன். மேட்டுப்பாத்தி மழை மிகுந்த ஊர்களுக்கு ஏற்றது. இங்கே அது வெகு விரைவில் உலர்ந்துவிடும். அதன் பிறகு பத்து நாள் மழை பொய்த்தால் மட்டும் ஒரு முறை, வேருக்குக் கீழும் இறங்கும்படி ஆழமாக நீர் பாய்ச்சுகிறேன். இரக்கப்பட்டு அதிகம் விட்டால் டெப்பரி கொடியும் இலையுமாகச் செழித்து, காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

உச்சி வேளையில் அச்செடியைப் பார்த்தால், இலைகளெல்லாம் வாடியவைபோல் விளிம்பைச் சூரியனுக்குக் காட்டித் திரும்பி நிற்கும். புதிதாக வளர்ப்பவர்கள் பதறி வாளியைத் தூக்கிவிடுவார்கள். அது வாட்டமன்று, வெயில் முழுதாகப் படாதபடி இலையே செய்துகொள்ளும் ஏற்பாடு. மாலையில் தானாக விரிந்துகொள்ளும். முற்றிய நெற்று வெயிலில் வெடித்து மணிகளைத் தெறிக்கும் என்பதால், வெயில் ஏறுமுன் பறித்துத் துணிப்பையில் போட்டுவிட வேண்டும். இரவெல்லாம் ஊறவைத்தாலும் கொண்டைக்கடலையை விட இரண்டு விசில் கூடுதலாகக் கேட்கும். ஆனால் சுண்டலாகத் தாளித்தால் குழையாமல் நிற்கும்.

முற்றத்தில் நிழலுக்கு மரம் வைப்போருக்கும் ஒரு சொல். மெஸ்கீட் மரமும் அவரைக் குடும்பமே. அதன் இனிப்பான காய்களை மழைக்கு முன்பே, தரையில் விழ விடாமல் பறித்துக் காயவைத்து மாவாக்குகிறார்கள். மழையில் நனைந்த காயில் நச்சுப் பூஞ்சை பிடிக்கக்கூடும். தமிழகத்தில் வேரோடு பிடுங்கச் சொல்லும் சீமைக்கருவேலத்திற்கு இது நெருங்கிய உறவு என்றாலும், அங்கே அது வந்தேறி, இங்கே மெஸ்கீட் மண்ணின் மரம் என்பதை மறந்து யாரும் விதையை ஊருக்குக் கொண்டுபோய்விட வேண்டாம்.

கேள்வி கேட்ட வாசகர் எந்தப் பாலைவனத்தில் இருக்கிறார் என்பதைத் தங்கள் பகுதி குறிப்பிடவில்லை. கோடை மழை உள்ள ஊரானால் டெப்பரியையோ, அது கிடைக்காவிட்டால் காராமணியையோ ஆடியில் விதைக்கலாம். வளைகுடா நாடானால் கோடையில் மழையை எதிர்பார்க்க முடியாது. பீன்ஸ்தான் வேண்டுமென்றால் வெப்பம் தணிந்த ஐப்பசியில் விதைத்து, மாசிக்குள் காய் பறித்துக்கொள்ளலாம். அடுத்த இதழில் இத்திருத்தத்தை வெளியிட்டால், அவர் இன்னும் சில வாரங்கள் வீணாக நீர் இறைக்காமல் இருப்பார்.

இப்படிக்கு,
ஒரு நெடுநாள் வாசகர்,
டூசான், அரிசோனா.