அந்தப் புதன்கிழமைக்கு அப்புறம்

அம்மாபேட்டை, சேலம்
மாசி 16

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. போனிலேயே பேசலாம், நீ எடுத்தால். மூன்று வாரமாக "பிஸிம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்றுதான் வருகிறது. அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. கோபமெல்லாம் இல்லை. படிப்பு இருக்கும், பகுதிநேர வேலை இருக்கும். தொண்டை எப்படி இருக்கிறது? ஏற்காட்டில் ஒரு ராத்திரி தங்கினாலே உனக்குக் குரல் கட்டிக்கொள்ளும், டப்ளின் குளிர் எப்படி ஒத்துக்கொள்கிறதோ. வெந்நீர் குடி.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. சித்தி வீட்டு விஷயம் ஒருவழியாக முடிந்தது, நீ அவளிடம் எதுவும் கேட்டுக்கொள்ளாதே.

உன் கல்லூரி விவாதச் சங்கத்தில் சேர்ந்திருப்பதாகச் சொன்னாயே, அன்றிலிருந்து அதைப் பற்றி செல்போனில் தேடித் தேடிப் படிக்கிறேன். முப்பது வருடம் பள்ளியில் இலக்கிய மன்றம் நடத்தியவளுக்கு அந்த ஆசை இருக்காதா? நம் மன்றத்தில் என்ன இருந்தது? ஆண்டுக்கொரு தொடக்க விழா, குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, தலைமையாசிரியருக்கு ஒரு சால்வை. அறிக்கை நோட்டு நாலு பக்கம் தாண்டாது. உங்கள் டிரினிட்டி கல்லூரிச் சங்கமோ 1770இல் தொடங்கியது. அதற்கும் மூலம் 1747இல் எட்மண்ட் பர்க் நடத்திய மாணவர் கழகமாம், பின்னாளில் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் பெரிய பேச்சாளர் ஆனாரே, அவர்தான். அதன் கூட்டக் குறிப்பேடு இன்னும் பத்திரமாக இருக்கிறது, பர்க் தன் கையாலேயே எழுதிய பக்கங்களும் அதில் உண்டாம். அப்போது அவனுக்கு என்ன, பதினேழு பதினெட்டு வயது இருக்கும். என்னுடைய மன்ற நோட்டுகள் எடைக்குப் போய்விட்டன, அதை விடு.

தலைவரை "ஆடிட்டர்" என்கிறார்களாமே! அப்பா சிரித்த சிரிப்பு. டிராகுலா கதை எழுதிய பிராம் ஸ்டோக்கரும் அங்கே ஆடிட்டராக இருந்தவர் என்றேன். "வரிக்கணக்கு பார்த்த நேரம் போகக் கதை எழுதினாரோ" என்கிறார். கல்லூரி நிர்வாகத்தோடு சண்டை போட்டு அந்தச் சங்கம் வெளியே போய்க் கூட்டம் நடத்தியதும், பிறகு உள்ளே வந்ததும், மறுபடி கலைந்து 1843இல் திரும்ப உள்ளே வந்ததும் பெரிய கதை. பெண்களைச் சேர்த்ததோ 1960களின் கடைசியில்தான். நான் அங்கே பிறந்திருந்தால் வாசலில்தான் நின்றிருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கூட்டத்தில் இதையெல்லாம் சொல்லிவிட்டேன். உனக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் பெற்றவளுக்குச் சொல்லிக்கொள்ள வேறு என்ன இருக்கிறது? நீயாக எதுவும் சொல்வதில்லை. புதன்கிழமைதோறும் ராத்திரி விவாதம் நடக்கும், அடுத்த புதன் நானும் எழுந்து பேசப்போகிறேன் என்றாய். அந்தப் புதனுக்கு அப்புறம்தான் நீ போனை எடுப்பதில்லை. என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

அப்புச்சி உயிரோடு இருந்தால் கேட்டிருப்பார். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா கூடாதா என்று 1943இல் நம் சேலத்திலேயே அண்ணாவும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் வாதிட்ட கூட்டத்தில் அவர் பன்னிரண்டு வயதுப் பையனாக நின்றவர். யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் கடைசிவரை சொல்லமாட்டார். "ரெண்டு பேரும் மத்தவன் பேசறப்ப உக்காந்து கேட்டாங்க சாமி" என்பார். அவ்வளவுதான் பதில். எனக்கு அப்போது எரிச்சலாக இருக்கும்.

பர்க் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், நம் பக்கத்து விஷயம் அதில் இருக்கிறது. ஆற்காட்டு நவாப் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களிடம் வாங்கிய கடன் பற்றி 1785இல் பார்லிமெண்டில் அவர் பேசியது பெரிய பேச்சு. கொள்ளை வட்டிக்குக் கடன் கொடுத்தவர்கள் இந்த மண்ணின் வரிப்பணத்தையே அடமானமாக வளைத்துக்கொண்டார்கள் என்றும், ஹைதர் அலியின் படை வந்து இந்த நாடே எரிந்தது என்றும் பேசியிருக்கிறார். அப்போது நம் சேலம் ஹைதர் குடும்பத்தின் கையில் இருந்தது. 1792இல்தான் கம்பெனிக்குப் போனது. இந்தப் பக்கமே வராத ஒருவர் நமக்காக அங்கே பேசியிருக்கிறார். அப்புறம், இங்கே கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மேல் பர்க் நடத்திய வழக்கு. 1788இல் தொடக்க உரை மட்டும் நாலு நாள். ஏழு வருடம் இழுத்து, கடைசியில் ஹேஸ்டிங்ஸ் விடுதலை!

அவருக்கு ஒரு பட்டப்பெயர் இருந்ததாம், "சாப்பாட்டு மணி" என்று. அவர் பேச எழுந்தால் போதும், உறுப்பினர்கள் எழுந்து சாப்பிடப் போய்விடுவார்களாம். அதைப் படித்ததும் போனைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ராபர்ட் எம்மெட் என்று இன்னொருவர். 1798 வாக்கில் உங்கள் சங்கத்தில் பெரிய பேச்சாளர். ஒருநாள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் தடுமாறி, சொன்னதையே திரும்பச் சொல்லி, மீள முடியாமல் உட்கார்ந்துவிட்டார் என்று கூடப் படித்த கவிஞர் தாமஸ் மூர் எழுதியிருக்கிறார். அதே எம்மெட் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி செய்து பிடிபட்டு, 1803இல் நீதிமன்றத்தில் பேசிய பேச்சை அயர்லாந்தே இன்றும் சொல்கிறது. ஆனால் அடுத்த நாளே தூக்கில் போட்டுவிட்டார்கள், அதனால் இந்த உதாரணம் வேண்டாம். நான் சொல்ல வந்தது வேறு. தடுமாறுவது எல்லோருக்கும் உண்டு. வெந்நீர் குடி, நிதானமாகப் பேசு.

சரி. உன் அக்கா சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே, நான்தான் பிடுங்கினேன்.

ஆத்தூர் ஞாபகம் இருக்கிறதா? இருக்கும். நீ ஒன்பதாம் வகுப்பு. மூன்று பக்கப் பேச்சு, முழுக்க நான் எழுதியது. எங்கே கையை உயர்த்த வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று சிவப்பு மையில் குறித்துக் கொடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டாய். மேடையிலிருந்து என்னைத் தேடினாய். நான் மூன்றாம் வரிசையில் இல்லை. தண்ணீர் குடிக்கப் போனேன் என்று உன்னிடம் சொன்னேன். இத்தனை வருடம் அதையேதான் சொல்கிறேன்.

தண்ணீர் குடிக்கப் போகவில்லை தம்பி. நீ நின்ற அந்த நிமிடமே எழுந்து பின்வாசல் வழியாக வந்துவிட்டேன். மற்றப் பள்ளித் தமிழாசிரியர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று வெட்கம். புளியமரத்தடியில் நின்றேன், உள்ளே கைதட்டல் கேட்கிறவரைக்கும். வாழப்பாடி தாண்டுகிறவரை நீ ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து "இன்னும் நல்லா மனப்பாடம் செஞ்சிருக்கணும்" என்றேன். அதற்கப்புறம் நீ எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. நான் அதைச் சோம்பல் என்று ஊரெல்லாம் சொன்னேன்.

உன் சொந்தப் பேச்சை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எழுதியதெல்லாம் நான்தான்.

அடுத்து எப்போது பேசப் போகிறாயோ, போகாமலே இருப்பாயோ, அது உன் இஷ்டம். பேசினால் ஒரு வார்த்தை சொல். அங்கே ராத்திரி ஏழரை என்றால் இங்கே ஒரு மணி, முழித்திருப்பேன். போனைத் திறந்து வைத்தால் போதும். குறுக்கே பேசமாட்டேன். பாதியில் நின்றாலும் போனை வைக்கமாட்டேன்.

பங்குனியில் சித்தி மகன் அந்தப் பக்கம் வருகிறான். தட்டுவடை உடையாமல் இருக்க டப்பாவில் வைத்துத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: ஆடிட்டருக்குச் சம்பளம் உண்டா என்று அப்பா கேட்கச் சொன்னார்.