அடைக்கோழியைத் தண்ணீரில் முக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன கிழமை பக்கத்து வளவுப் பிள்ளை ஒரு பேட்டுக்கோழியை வாளித் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். ஏன் பிள்ளை என்று கேட்டேன். "அடைக்குப் படுத்திட்டுது மாமி, முட்டையும் இடுதில்லை. இப்படிச் செய்தால் தெளிஞ்சிடும் எண்டு சொன்னவை" என்றாள். அவளிடம் இருப்பது மொத்தமே 4 பேடுகள். அடுத்த மாதம் கிளிநொச்சிக்குப் போய்க் குஞ்சு வாங்கக் காசு சேர்க்கிறாளாம். குஞ்சு பொரித்துத் தரக் காத்திருந்த கோழி அவள் கையில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது. அன்று முழுக்க எனக்கு மனம் ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஒட்டுசுட்டானைச் சேர்ந்தவள். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினோம். அடுத்த வருடம் முகாமிலிருந்து திரும்பி வந்து தகரக் கொட்டில் போட்டபோது அயலில் ஒரு சேவல் கூவவில்லை. விடிந்ததை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். வவுனியாவில் இருந்த என் மச்சாள் ஒரு சிவலைப் பேட்டை உரப்பையில் போட்டுத் தந்தாள். தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மாங்குளம் வரை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அது அடைக்குப் படுத்தபோது எங்களிடம் சேவல் இல்லை, சேவல் சேராத முட்டை பொரிக்காது. முத்தையன்கட்டுப் பக்கம் சேவல் நின்ற ஒரு வீட்டில் 9 முட்டை வாங்கி வைத்தேன். 7 பொரித்தது. இன்று என் வளவில் மேய்கிற 26 கோழிகளும் அந்தச் சிவலை பொரித்த குஞ்சுகளின் வழி வந்தவைதான்.

இளம் பிள்ளைகளுக்கு இந்த வேலை தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முட்டையிட்ட இடத்தை விட்டு இரண்டு மூன்று நாள் இராப்பகலாக எழும்பாமல், கிட்டப் போனால் செட்டையைச் சிலிர்த்துக்கொண்டு உறுமினால் அது அடைக்கோழி. வயிற்றைத் தடவிப் பாருங்கள். இறகு உதிர்ந்து தோல் வெறுமையாக, கணகணவென்று சுடும். அந்தச் சூடு நேராக முட்டையில் படுவதற்குத்தான் அப்படி. ஒரு பழைய கடகத்தின் அடியில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் வைத்து நடுவில் சிறு குழியாக்குங்கள். அதில் கொஞ்சம் சாம்பலும் வேப்பிலையும் தூவினால் செள்ளுப் பூச்சித் தொல்லை குறையும். அம்மா ஒரு இரும்புத் துண்டும் கரியும் வைப்பார், இடி இடித்தால் முட்டை கெடாதென்று. நானும் இன்றுவரை வைக்கிறேன். கோழியை இடம் மாற்றுவதென்றால் இருட்டிய பிறகு மாற்ற வேண்டும். பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடிவிடும்.

முட்டை ஒரு கிழமைக்குள் இட்டதாக இருந்தால் நல்லது. கழுவக் கூடாது. சின்னப் பேட்டுக்கு 9, பெரியதற்கு 11 அல்லது 13. ஆசைப்பட்டுக் கூட வைத்தால் ஓரத்து முட்டைகள் மாறி மாறிக் குளிர்ந்து எல்லாமே கெட்டுப்போகும். 7ஆம் நாள் இரவு ரோச் லைற் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்ப்பேன். கருக்கட்டியதில் சிலந்தி கால் விரித்தது போலச் சிவப்பு நரம்பு ஓடும். வெறுமையாகத் தெரிவதை எடுத்துவிடலாம். மற்றபடி நமக்கு வேலை குறைவு. முட்டையை உருட்டித் திருப்புவதையும் நடுவில் இருப்பதை ஓரத்துக்கு மாற்றுவதையும் கோழியே செய்யும். ஒரு நாளைக்கு ஒருமுறை கால் மணித்தியாலம் போல இறங்கி, தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் குளித்துவிட்டுத் திரும்பும். இறங்காத கோழியை மெதுவாகத் தூக்கி வெளியே விட வேண்டும். பட்டினியில் செத்த அடைக்கோழியை நான் கண்டிருக்கிறேன்.

20ஆம் நாள் கடகத்தோடு காதை வைத்துக் கேளுங்கள். ஓட்டுக்குள் இருந்தே குஞ்சு கீச்சிடும், தாய் அடித்தொண்டையால் பதில் சொல்லும். இத்தனை வருடம் கேட்டும் எனக்கு அது அலுக்கவில்லை. 21ஆம் நாள் பொரிக்கும்போது அவசரப்பட்டு ஓட்டை உரிக்காதீர்கள். சிறுமியாக இருந்தபோது பாவம் பார்த்து ஒன்றை உரித்தேன், இரத்தம் வடிந்து கையிலேயே செத்தது. பொரித்த குஞ்சுகள் தின்னவில்லையே என்றும் பதற வேண்டாம். மஞ்சள் கரு வயிற்றுக்குள் போயிருப்பதால் இரண்டு நாள் தாங்கும். பிந்திப் பொரிப்பவற்றுக்காகத் தாய் காத்திருப்பது அந்தத் துணிவில்தான்.

அப்புறம் வளர்ப்பு. முட்டை பொரிக்கும் மெசினில் பொரித்த குஞ்சுக்கு முதல் கிழமை 32, 35 பாகை சூடு வேண்டும், அதற்கு இரவு பகலாக பல்ப் எரிய வேண்டும். தாய்க்கோழி வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கரண்ட் செலவு கிடையாது. தாயே குறுனலைக் கொத்திப் போட்டு, "கொக் கொக்" என்று கூப்பிட்டுத் தின்னப் பழக்கும். கறையான் புற்றை நான் மண்வெட்டியால் பிளந்துவிட்டால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். பிராந்தின் நிழல் விழுந்தால் அது எழுப்புகிற ஒரே சத்தத்தில் அத்தனை குஞ்சும் பற்றைக்குள் மறைந்துவிடும். காட்டுக்கரையில் நிற்கும் காட்டுக்கோழிப் பேடும் இப்படித்தான் தன் குஞ்சுகளைக் காக்கிறது.

நட்டம் இல்லையென்று சொல்ல மாட்டேன். அடையும் குஞ்சு வளர்ப்புமாக இரண்டரை மூன்று மாதம் அந்தப் பேட்டிலிருந்து முட்டை கிடையாது. கீரியும் மரநாயும் தங்கள் பங்கை எடுக்கும். கடைசியாக வைத்த 11இல் 9 பொரித்து 6தான் தப்பியது. இராணிக்கெட் நோய்க்குத் தாயாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு வருடம் தடுப்பு மருந்து போடாமல் விட்டு ஒரே கிழமையில் 14 கோழிகளைப் புதைத்தேன். மிருக வைத்தியரிடம் கேட்டுத் தவறாமல் மருந்து கொடுங்கள்.

ஆனாலும் மெசினை மட்டும் நம்பியிருந்தவர்கள் பட்டதையும் பார்த்தேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். அயலில் ஒரு தம்பி சின்ன மெசினில் வைத்திருந்த 60 முட்டையும் கூழாகிப்போனது. அதே நாட்களில் என் குசினி மூலையில் அடை கிடந்த கோழி 10 குஞ்சோடு இறங்கியது. மறு வருடம் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கும் நிலைக்கு நாடு வந்தது.

வாழ்வாதார உதவி கொடுப்பவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். மீள்குடியேறிய காலத்தில் எங்களுக்கும் ஒரு மாதக் குஞ்சுகள் 10 தந்தார்கள். நல்ல மனதோடுதான் தந்தார்கள். அவற்றுக்குப் பிராந்தும் தெரியாது, பற்றையும் தெரியாது. பாதி ஒரு மாதத்தில் போய்விட்டது. மிஞ்சியவை நன்றாக முட்டையிட்டன, ஆனால் ஒன்றுகூட அடைக்குப் படுக்கவில்லை. கூட முட்டை இட வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக அந்தக் குணத்தைக் கழித்து எடுத்த இனம் அது. கிழடானதும் விற்றோம், கூடு வெறுமையானது. சிவலை இல்லாவிட்டால் என் கோழி வளர்ப்பு அன்றோடு முடிந்திருக்கும். 10 குஞ்சு கொடுக்கிற காசில் ஓர் ஊர்க்கோழித் தாயையும் அதன் 5 குஞ்சுகளையும் கொடுங்கள். ஊருக்குள்ளேயே வாங்கலாம், வளர்த்த பெண்களின் கைக்கும் அந்தக் காசு போகும்.

பக்கத்து வளவுக் கோழியை அன்றே துடைத்து, வெயிலில் காயவிட்டு, 11 முட்டையோடு திருப்பிக் கொடுத்தேன். இன்று 8ஆம் நாள். நேற்றிரவு அந்தப் பிள்ளையும் நானும் ரோச் அடித்துப் பார்த்தோம், 9இல் நரம்பு ஓடுகிறது. ஒட்டுசுட்டான் அயலில் வேறு யாரிடமாவது அடைக்கோழி இருந்து, சேவல் சேர்ந்த முட்டை இல்லாவிட்டால் என்னிடம் வாருங்கள். காசு வேண்டாம். வாரத்துக்கு, அதாவது பங்குக்குத் தருகிறேன், பொரித்து வளர்ந்த பிறகு ஒரு பேட்டுக்குஞ்சு தந்தால் போதும்.

இப்படிக்கு,
கோழி வளர்க்கும் ஒரு வாசகி,
ஒட்டுசுட்டான்.