பின் சீட்டு எனக்கு வேண்டாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஃபோனில் பேசினால் நீ நடுவில் புகுந்து பேச்சை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுவாய். அதனால்தான் கடிதம்.

குர்கானிலிருந்து மாற்றலாகி பெங்களூர் வந்ததும் பிஎம்டபிள்யூ காரில் 530எல்ஐ வாங்கலாமா, எம்340ஐ வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். கேட்டதோடு பாதி முடிவையும் நீயே எழுதிவிட்டாய். "பெரிய வண்டியே வாங்கிடலாம்பா. காலமெல்லாம் முன்னாடி உட்கார்ந்து ஓட்டினீங்க, இனிமே பின்னாடி உட்காருங்க." அம்மா அதைப் படித்துவிட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு கோபம்தான் வந்தது. எனக்காக யாரும் பின் சீட்டு வாங்க வேண்டாம். பின்னால் உட்கார்ந்தால் எனக்கு தலை சுற்றும், அது உனக்கே தெரியும். வண்டி எப்போது திரும்பும், பிரேக் எப்போது விழும் என்று காலுக்குத் தெரியாவிட்டால் வயிறு கலங்கிவிடுகிறது. நான் முன்னால் இடது பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். என்னைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மீதியைப் பார்.

இரண்டு வண்டியும் ஒரே ஆலையில் பாகங்களைப் பூட்டித் தயாரிப்பதுதான், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில். 2007 முதல் அந்த ஆலை ஓடுகிறது. விலையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் ஒன்றைப் பின்னால் உட்காருகிறவருக்காகச் செய்திருக்கிறார்கள், மற்றதை ஓட்டுகிறவருக்காகச் செய்திருக்கிறார்கள். 530எல்ஐயில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3,105 மில்லிமீட்டர். எம்340ஐயில் 2,851. கிட்டத்தட்ட பத்து அங்குல வித்தியாசம், பின்னால் உட்காருகிறவர் காலை நீட்ட இடம் கிடைப்பது அதனால்தான். டிரைவர் வைத்துக்கொண்டு போகிறவர்கள் அதிகமுள்ள ஊர்களுக்காக நீட்டிச் செய்த வண்டி அது.

அந்த மாதிரி வண்டியைத்தான் நான் வருடக்கணக்காக ஓட்டினேன். 1995-ல் மெர்சிடிஸ் காரைப் புனேயில் பூட்ட ஆரம்பித்தபோது எங்கள் முதலாளி இ220 ஒன்று வாங்கினார். அதுவரை கான்டெஸா. அவர் பின்னால் பேப்பர் படித்துக்கொண்டே வருவார். எழுத்து ஆடக்கூடாது, அதுதான் என் வேலை. சிக்னலில் வண்டி முழுதாக நிற்கப்போகிற அந்தக் கடைசி நொடியில் பிரேக்கை ஒரு நூல் தளர்த்த வேண்டும், அப்போதுதான் அந்த முன்குலுக்கல் வராது. திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், திருப்பத்துக்குள் பிரேக்கைத் தொடக்கூடாது. நல்ல டிரைவருக்கு ஓட்டுகிற சந்தோஷம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. பின்னால் இருக்கிறவர் தூங்கிவிட்டால் அதுதான் சந்தோஷம்.

நீ டிரைவர் வைக்கப்போவதில்லை என்கிறாய். மாப்பிள்ளைக்கு ஓட்டவே பிடிக்காது. ஹெப்பால் பக்கத்திலிருந்து ஆபீசுக்கு தினமும் நீதான் ஓட்டிக்கொண்டு போவாய், பெரும்பாலும் தனியாக. யாரும் உட்காராத அந்தப் பத்து அங்குலத்தை அவுட்டர் ரிங் ரோடு நெரிசலில் எதற்கு இழுத்துக்கொண்டு போகிறாய்? 530எல்ஐ 5,165 மில்லிமீட்டர் நீளம், கிட்டத்தட்ட 17 அடி. நம் அல்சூர் தெருவில் அதைத் திருப்ப வேண்டுமானால் எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரை எடுத்துக் கொடுக்க வேண்டும். அவரிடம் தினமும் யார் கேட்பது?

பழைய முதலாளி ஒருவரைப் பற்றி சொல்லியிருக்கிறேனா? இ220க்கு ரொம்ப முன்னால், மெட்ராஸில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வாரம் முழுக்க பின் சீட்டில்தான் வருவார், கதவைக்கூட தானாகத் திறக்க மாட்டார். சோழவரத்தில் ரேஸ் என்றால் மட்டும் ஆளே மாறிவிடுவார். பழைய யுத்தகால விமான ஓடுதளத்தில் அப்போது ரேஸ் நடத்துவார்கள். ஒரு சின்ன ஃபியட் வைத்திருந்தார், அதைத் தானே ஓட்டிக்கொண்டு போவார், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு. அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அந்த ரோட்டில்தான். காசு நிறைய இருந்தவர், ஆசைப்பட்டு உட்கார்ந்தது ஸ்டியரிங் பின்னால். உனக்கும் அந்தக் குணம் உண்டு. பதினெட்டு முடிந்ததும் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு நைஸ் ரோட்டில் என்னைப் பயமுறுத்தியவள்தானே நீ.

சரி, எம்340ஐ என்றால் என்ன கிடைக்கும்? 3 லிட்டர், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசை, 374 குதிரைத்திறன். 100 கிலோமீட்டர் வேகத்தை 4.4 நொடியில் தொடும். 530எல்ஐ 2 லிட்டர், நாலு சிலிண்டர், 258 குதிரைத்திறன், அதே வேகத்துக்கு ஆறரை நொடி. இந்த இரண்டு நொடி வித்தியாசம் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் உனக்கு எதற்கும் உதவாது, அதை நினைத்து வாங்காதே. எனக்குப் பிடித்தது வேறு விஷயம். ஆறு சிலிண்டர் ஒரே வரிசையில் இருந்தால் அதிர்வு தன்னாலேயே அடங்கிவிடும், வண்டி நின்றுகொண்டிருந்தாலும் உடம்புக்குத் தெரியாது. அப்புறம் அதன் முழு இழுவையும், 500 நியூட்டன் மீட்டர், எஞ்சின் நிமிடத்துக்கு 1,900 சுற்று சுற்றும்போதே வந்துவிடுகிறது. கிருஷ்ணகிரி தாண்டி லாரி வரிசையை ஓவர்டேக் செய்யும்போது எஞ்சினை அலறவிட வேண்டியதில்லை. வேகத்துக்கு அல்ல, எதிரில் மாட்டிக்கொள்ளும் நேரம் குறைவதற்குத்தான் பிக்கப் வேண்டும். நாலு சக்கரத்துக்கும் சக்தி போகிறது என்பதால் மழையிலும் எனக்கு அது நிம்மதி. 530எல்ஐயில் பின் சக்கரத்துக்கு மட்டும்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு உடனே அட்வான்ஸ் கட்டிவிடாதே. எனக்கு இரண்டு பயம் இருக்கிறது.

முதலாவது டயர். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் படி. 255/35 என்று இருந்தால், 255 மில்லிமீட்டர் அகலத்தில் 35 சதவீதம்தான் ரப்பரின் உயரம். ஒன்பது சென்டிமீட்டர்கூட முழுதாக வராது. பெங்களூர் பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவே அவ்வளவுதான் இருக்கும். மழைத்தண்ணீர் மூடிய குழியில் ஒருமுறை விழுந்தால் டயரில் புடைப்பு, அலாய் வீல் வளைவு, இரண்டும் சேர்ந்து வரும். முன் டயரும் பின் டயரும் வேறு வேறு அகலமாக இருந்தால் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டும் ஓட்ட முடியாது. ஸ்டெப்னி கொடுக்கிறார்களா, ஒரு டயர் என்ன விலை, இன்சூரன்ஸில் டயருக்கும் ரிம்முக்கும் தனி கவர் உண்டா என்று ஷோரூமில் கேட்டு எழுதி வாங்கிக்கொள். நம் பக்கம் பெயின்ட் அடிக்காத ஹம்ப் தெருவுக்கு ஒன்று இருக்கிறது, வண்டியின் அடிவயிறு தட்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது உன் அம்மாவின் முழங்கால். தாழ்வான சீட்டில் உட்காருவது சுலபம், எழுந்திருப்பதுதான் கஷ்டம். அம்மா பின்னால் ஏறி இறங்க முடியவில்லை என்றால் இவ்வளவு எழுதியதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அப்போது இரண்டுமே வேண்டாம், கொஞ்சம் உயரமான வேறு வண்டி பார்க்கலாம். 530எல்ஐயும் நீளமே தவிர உயரம் இல்லை.

டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம்காரர் தனக்குத் தெரிந்த வழவழப்பான ரோட்டில்தான் கூட்டிப்போவார். அதற்கு ஒத்துக்கொள்ளாதே. நம் வீட்டுக்கே கொண்டுவரச் சொல். அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து அல்சூர் ஏரியைச் சுற்றி, சிவாஜிநகர் வழியாக ஒரு ரவுண்டு, மாலை ஆறு மணிக்கு. நெரிசலில் ஊர்ந்து போகும்போது வண்டி குலுக்குகிறதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன். வேகமாக ஓட்டிப் பார்த்து யாரும் வண்டியைத் தெரிந்துகொள்ள முடியாது.

பணத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் குர்கான் கணக்கை இங்கே போடாதே. கர்நாடகாவில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு ஒரே தடவையாகக் கட்டும் லைஃப் டாக்ஸ் 18 சதவீதம், அந்த வரி மேல் செஸ் என்று இன்னொரு வரி. 70 லட்ச ரூபாய் வண்டிக்கு அது மட்டுமே ஏறக்குறைய 14 லட்சம். அங்கே வாங்கி இங்கே கொண்டுவரலாம் என்று மாப்பிள்ளை சொன்னால், வேண்டாம் என்று சொல். அங்கே ஆட்சேபணை இல்லை என்று என்ஓசி சான்று வாங்கி, இங்கே மறுபடி டாக்ஸ் கட்டி, அங்கே கட்டியதைத் திரும்ப வாங்க அலைந்து, அந்த வேலை கடைசியில் என் தலையில்தான் விழும்.

வேகம் பற்றி ஒன்று. மைசூர் ரோட்டில் 100தான், கேமரா வைத்திருக்கிறார்கள். 2024 ஆகஸ்டிலிருந்து கர்நாடகாவில் 130ஐத் தாண்டினால் அபராதத்தோடு விடாமல் வழக்கே போடுவோம் என்று போலீஸ் அறிவித்திருக்கிறது. வண்டி 250 போகுமாம். போகட்டும். உனக்கு நிஜமாகவே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. சென்னை போகிற வழியில், ஸ்ரீபெரும்புதூர் தாண்டி. ரேஸ் டிராக், எதிரில் லாரியும் வராது, மாடும் வராது. சொந்த வண்டியை ஓட்ட விடுகிற நாள் எது என்று விசாரித்துச் சொல், நானும் வருகிறேன். ஹெல்மெட் போட்டுக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார விடுவார்களா என்றும் கேள்.

நீ வரும் தேதி உறுதியானதும் சொல், அதற்கு அடுத்த சனிக்கிழமை டெஸ்ட் டிரைவ் வைத்துக்கொள்ளலாம். நிறத்தைப் பற்றி அம்மா நீலம் என்கிறாள். உன் இஷ்டம். கறுப்பு மட்டும் வேண்டாம், இந்தத் தெருத் தூசியில் தினம் துடைக்க வேண்டியிருக்கும், நீ இங்கே வரும்போதெல்லாம் துடைக்கப்போவது யார் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அப்பா