நாள்பட்ட தொற்றும் தென்படாத டி செல்களும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாள்பட்ட ஹெபடைடிஸ் பி பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தடுப்பூசி பற்றியும் கல்லீரல் பரிசோதனை பற்றியும் சொன்னதெல்லாம் சரி. ஆனால் 'இந்த வைரஸை எதிர்க்கும் செல்களே இவர்கள் உடலில் இல்லை' என்று ஒரு வரி இருந்தது. அந்தச் செல்களைத் தேடுவதுதான் ஆய்வகத்தில் என் வேலை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவை இருக்கின்றன, மிகக் குறைவாக, களைத்துப்போய் இருக்கின்றன. தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகைதான் டி செல்கள். பல நோயாளிகளின் ரத்தத்தில் பத்தாயிரம் டி செல்களை எண்ணினாலும் இந்த வைரஸைக் குறிவைக்கும் செல் ஒன்றுகூடச் சிக்காது. "எதுக்குங்க இவ்வளவு ரத்தம்?" என்று ஊசி குத்தும்போது கேட்பார்கள். நியாயமான கேள்வி. வழக்கமான சோதனைக்கு ஒரு குழாய் போதும், எங்களுக்குப் பல குழாய்கள் வேண்டும். அவ்வளவு எடுத்தால்தான் எண்ணிப் பார்க்கும் அளவுக்காவது இந்தச் செல்கள் கிடைக்கும்.

கிடைப்பதும் எந்த முறையில் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. எலிஸ்பாட் சோதனையில், வைரஸின் புரதத் துண்டுகளைக் காட்டியதும் இன்டர்ஃபெரான் காமா என்ற எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கும் செல்கள் மட்டும் புள்ளியாகத் தெரியும். சுரக்க முடியாத செல் அங்கே கணக்கிலேயே வராது. 1996இல் வந்த டெட்ராமர் முறை வேறு வகை. எச்.எல்.ஏ. என்பது வைரஸ் துண்டை டி செல்லுக்கு எடுத்துக்காட்டும், ஆளுக்கு ஆள் வேறுபடும் மூலக்கூறு. அதுவும் வைரஸ் துண்டும் சேர்ந்த இணைகள் நான்கை ஒன்றாகக் கோத்து, ஒளிரும் சாயம் ஏற்றி, ரத்த செல்களோடு கலப்பார்கள். ஒற்றை இணை என்றால் சட்டென்று நழுவிவிடும், நான்கும் சேர்ந்தால் பிடி நிற்கும். செல் வேலை செய்கிறதோ இல்லையோ, அந்த வைரஸ் துண்டை அடையாளம் காணும் ஏற்பி அதன்மேல் இருந்தால், ஒளிரும் செல்களை எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவி காட்டிவிடும். ஆனால் ஒருவரின் எச்.எல்.ஏ. வகைக்குச் செய்த டெட்ராமர் வேறு வகை உள்ளவருக்கு உதவாது.

1998இல் நாள்பட்ட வைரஸ் தொற்றுள்ள எலிகளில் இதைத்தான் பார்த்தார்கள். டெட்ராமரில் தெரிந்த செல்கள் இன்டர்ஃபெரானைச் சுரக்கவில்லை. ஓயாமல் வைரஸைச் சந்தித்துச் சந்தித்து ஓய்ந்த செல்கள் அவை. பிடி-1 என்ற ஏற்பி அவற்றை அடக்கி வைப்பதில் பங்கு வகிக்கிறது என்பது 2006இல் தெரிந்தது. அப்புறம் இன்னொன்று: ஹெபடைடிஸ் பி நோயாளிகளின் ரத்தத்தில் இருப்பதைவிடக் கல்லீரலில் இந்தச் செல்கள் அதிகம். ஒரு கைவிரலில் கூட ஊசி குத்த அஞ்சுபவரிடம் கல்லீரல் திசுவைக் கேட்க முடியுமா? அதனால் பெரும்பாலும் ரத்தத்தை வைத்துத்தான் காலம் தள்ளுகிறோம்.

அந்த வரி என்னை வருத்தியதற்கு வேறு காரணமும் உண்டு. அதைப் படிக்கும் நோயாளி 'என் உடம்பே பலவீனம்' என்று தன்னையே நொந்துகொள்வார். பிறக்கும்போதோ குழந்தைப் பருவத்திலோ வைரஸ் ஒட்டிக்கொண்டதால்தான் பலருக்கு இது நாள்பட்டதாகிறது. கைக்குழந்தைகளுக்குத் தொற்றினால் நூற்றில் தொண்ணூறு பேருக்கு நிலைத்துவிடும். ஆரோக்கியமான பெரியவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவு. நோயாளிகள் சரியாகச் சாப்பிடாததோ உழைக்காததோ இதற்குக் காரணமே இல்லை. 'எதிர்ப்பு சக்தி கூட்டும்' பொடியும் மாத்திரையும் விற்பவர்களுக்கு உங்கள் வரி நல்ல வசதியாகிவிடும் என்று பயப்படுகிறேன்.

நான் செய்யும் சோதனை ஆராய்ச்சிக்கானது. சிகிச்சையை முடிவுசெய்ய மருத்துவர்கள் பார்ப்பது வைரஸ் டி.என்.ஏ. அளவு, மேற்பரப்பு ஆன்டிஜன் (வைரஸின் மேலுறைப் புரதம்), ஏ.எல்.டி. (கல்லீரல் நொதி), கல்லீரலின் நிலை ஆகியவற்றைத்தான். டி செல் கணக்கைக் கேட்டு யாரும் அலைய வேண்டாம் என்பதையும், அந்த வரிக்கான திருத்தத்தையும் அடுத்த வார மருத்துவப் பக்கத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வகப் பணியாளர்