கிணறு உவர்த்துப் போச்சு, அக்கா

அன்பான அக்கா,

அம்மம்மாட ஆட்டைத் திவசம் முடிஞ்சு மூண்டு நாள். ஆர் வந்தது, என்ன சமைச்சது எல்லாம் வீடியோவில பார்த்திருப்பியள். அதில தெரியாத ஒண்டு: அண்டைக்குத் தேத்தண்ணி உப்புக் கரிச்சுது. வந்த சனம் பாதியில வைச்சிட்டுப் போச்சு. அடுத்த நாள் அப்பா மோட்டரைக் கழட்டிட்டார். நீங்க காசு அனுப்பி வாங்கின மோட்டர். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

மோட்டரில ஒரு பழுதும் இல்லை. பிழை நாங்க ஓட்டின விதத்தில. கிணறு ஆறடி அகலம். கச்சான் காத்தடிக்கிற ஆடியில நாலடித் தண்ணிதான் நிக்கும், கணக்குக்கு 3,200 லீற்றர். தாங்கி 1,000 லீற்றர். காலையில ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா நிரப்பினா பாதிக்கு மேல போயிடும். எங்கட திருகோணமலை உப்புவெளி மணலுக்குள்ள நல்ல தண்ணி கடல் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஓரடி நல்ல தண்ணி இருந்தா, கீழ நாப்பதடி வரைக்கும் உப்பை அமத்தி வைச்சிருக்கும். மேல குறைஞ்சா கீழயிருந்து உப்பு ஏறும். வாளியால அள்ளேக்க ஊத்து சுரக்க நேரம் கிடைக்கும், மோட்டர் அரை மணித்தியாலத்தில உறிஞ்சிடும். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில கனபேர் கிணத்தை இறைச்சு இறைச்சே இன்னும் உப்பாக்கினது இப்பிடித்தான்.

பிறகு ஒராள் (ஆரெண்டு இங்க எழுத ஏலாது, அவையும் வாசிப்பினம்) ஒரு பேணி புளீச்சிங் பவுடரைக் கொட்டிட்டார். அது கிருமிக்கு, உப்புக்கில்லை. கிருமிக்கெண்டாலும் 1,000 லீற்றருக்கு 2.5 கிராம், எங்கட கிணத்துக்கு 8 கிராம் போதும். வாளியில கரைச்சு, பத்து நிமிஷம் தெளிய விட்டு, மேல்தண்ணியை மட்டும் கிணத்துக்க விடவேணும். அடியில நிக்கிற சுண்ணாம்பு மண்டியை எறியவேணும். ஒரு மணித்தியாலம் கழிச்சுத்தான் அள்ளலாம். மண்டியோட கொட்டினதில சவர்க்காரம் நுரைக்கவேயில்லை.

நீங்க வந்த ஆவணி ஞாபகமிருக்கோ? வாளி அமிழாம மிதந்துகொண்டே நிண்டுது. அம்மம்மா கயித்தை வாங்கி மணிக்கட்டால ஒரு சுண்டு சுண்டினா, வாளி வாய் சரிஞ்சு 'குபுக்' எண்டு நிரம்பிச்சுது. நீங்க ரெண்டு கையையும் ஏந்திக் குடிச்சிட்டு, "இனிக்குது" எண்டியள். அம்மம்மா தோளைப் பிடிச்சுக்கொண்டு கிணத்துக்கட்டில இருந்தா. அண்டிரவே மோட்டர் கதை தொடங்கினது நீங்கதான். கடைசிக் காலத்தில அவ கயிறு இழுக்காம இருந்தது அதாலதான், அதை ஒருத்தரும் மறக்கேல்லை.

ஆனா அதுக்குப் பிறகு கோல் எடுக்கிற நேரமெல்லாம் "மோட்டர் ஓடுதோ?" எண்டுதான் கேட்டியள். தண்ணி எப்பிடியெண்டு ஒருநாளும் கேக்கேல்லை. கனடாவில, ஸ்காபரோவில குழாயைத் திருப்பினா தண்ணி வாறவைக்கு அது தோணாது. நாங்களும் சொல்லேல்லைத்தானே. காசு அனுப்பின ஆளிட்ட என்னெண்டு சொல்றது? அம்மா ரெண்டு தரம் சொல்ல வெளிக்கிட்டு, பெரியம்மா பக்கத்தில நிக்கிறதைக் கண்டு கதையை மாத்தினவ.

இப்ப குடிக்கக் குழாய்த் தண்ணி. கிணத்தில வாளி மட்டும், அதுவும் உடுப்புத் தோய்க்க. ஐப்பசி மழைக்கு முன்னம் கிணத்தடியில ஒரு குழி வெட்டி, அடியில சல்லி, மேல மணல் போட்டு, கூரைப் பீலியை அதுக்க விடப்போறம். முதல் மழையை வெளியில விடவேணும், கூரையில காக்கா எச்சம். 80 சதுர மீற்றர் கூரையில 25 மில்லிமீற்றர் பெய்தா கிட்டத்தட்ட 2,000 லீற்றர் வரும். ஒரு மாரியில உப்பு முழுக்கப் போகுமெண்டு அப்பா நம்பேல்லை. நான் நம்புறன்.

கப்பி துருப்பிடிச்சுக் கிறீச்சிடுது, கிறீஸ் வாங்கவேணும். மோட்டர் உரப்பையில சுத்தி அம்மம்மாட கட்டிலுக்குக் கீழ இருக்கு. வித்தா அரை விலைதான் வரும். விக்கவோ வேண்டாமோ? அம்மாவுக்குக் கோல் எடுக்காம எனக்கே எழுதுங்கோ.

தங்கச்சி