பூசாமல் விட்ட துண்டு

டர்பன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதங்கள் வந்து சேர்ந்தன. பதில் எழுதாததற்கான வசவை நேரில் வைத்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம். பெரியவர் அந்தக் காரை விற்க இன்னும் மறுக்கிறார்.

எழுதத் தூண்டியது வேறு. எந்தப் பூச்சு காக்கும் என்று பார்க்க, பழைய தார்ச்சாலை ஒன்றைத் துண்டுகளாகப் பிரித்து, ஒன்றில் நீர்த்த பிட்டுமன் எமல்ஷனையும் (கல்லைப் பிணைக்கும் கறுப்புப் பசையான பிட்டுமனை நீரில் கலந்தது), அடுத்ததில் இறுகிய பிட்டுமனை இளக்கும் எண்ணெய்க் கலவையையும் தெளித்து, மூன்றாவதில் ஸ்லரி, அதாவது பொடிக்கல்லும் எமல்ஷனும் கலந்த குழம்பு, பூசி, நான்காவதை வேண்டுமென்றே அப்படியே விட்டிருந்தோம். அதையும் பூசிவிடும்படி இப்போது மேலிடத்திலிருந்து ஓலை வந்திருக்கிறது. அது மட்டும் வெளுத்துக் கிடப்பது பார்வைக்கு நன்றாக இல்லையாம்!

சிரிக்காதே. தெளித்த அன்று எந்தச் சாலையும் கறுத்துப் பளபளக்கும். அந்தக் கறுப்பைச் சக்கரங்களும் வெயிலும் விரைவிலேயே தின்றுவிடும். வெயிலும் காற்றும் பட்டு முதலில் இறுகுவது மேலே உள்ள சில மில்லிமீட்டர்தான் என்பதால், சாலையிலிருந்து துளைத்தெடுத்த உருளையின் மேற்பகுதியை மட்டும் வில்லையாக அறுத்து, பிட்டுமனைப் பிரித்து, 25 டிகிரியில் 100 கிராம் எடையுடன் ஊசி 5 விநாடியில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கிறோம். அதிலும் ஒரு சூது உண்டு: மேலே தங்கிய எண்ணெயும் பிரித்தெடுக்கும்போது கலந்துவிடுவதால், சாலை உண்மையில் இளகாவிட்டாலும் ஊசி ஆழமாகவே இறங்கும். ஆகவே கல் உதிர்வதும் வெடிப்பு பரவுவதும் குறைகிறதா என்பதே கடைசிச் சான்று. அதற்கு ஆண்டுகள் ஆகும். அதே மழையையும் அதே லாரிகளையும் தாங்கிய பூசாத துண்டு பக்கத்தில் இல்லையெனில், எதோடு ஒப்பிட்டு எதைச் சொல்வது?

வழுக்கல் இன்னொரு கவலை. எண்ணெய் தெளித்த துண்டில் சாலையின் பிடிப்பை அளக்கும் ஊசல் கருவி காட்டும் எண் முதலில் சரியத்தான் செய்யும். அது மீளும்வரை வேகத்தைக் கட்டுப்படுத்தி, தேவையானால் மணல் தூவ வேண்டும். இங்கே கோடையில்தான் மழை என்பதையும், நீ எந்த வேகத்தில் ஓட்டுவாய் என்பதையும் எண்ணினால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் சாலைகளையும் பாலங்களையும் இழந்த மாநிலம் இது. சாலையைப் புதிதாகப் போடுவதைவிட இருப்பதைக் காப்பது மலிவு என்று இங்கே எவரும் ஒப்புக்கொள்வர். எந்தப் பூச்சு காக்கிறது என்று அறியும் பொறுமைதான் இல்லை.

உன் கேப் சீல் (சல்லி பதித்து மேலே ஸ்லரி பூசுவது) சோதனையின்போது பூசாத பகுதியை ஆண்டுதோறும் படம் எடுத்து வைத்திருந்தாயே, அவற்றை வியாழனுக்குள் அனுப்பு. வெள்ளியன்று கூட்டம், அதுவரை தெளிப்பு வண்டியை அந்தப் பக்கம் விடமாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்